டோக்கியோ தகாவோ மலைக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். கேபிள் காரில் ஏறுவதா, நாற்காலி லிஃப்டில் ஏறுவதா?

ஏறும்போது கேபிள் கார், இறங்கும்போது லிஃப்ட். டிக்கெட் இரண்டுக்கும் பொது. போகவர சேர்த்து வாங்கிவிட்டால், ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கலாம். என் அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனேன்.

ஜப்பானில் 'கேபிள் கார்' என்றால் அந்தரத்தில் தொங்கும் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை. தண்டவாளத்தில் ஓடும் வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கிறார்கள். தொங்குவதற்கு அங்கே 'ரோப்வே' என்று பெயர்.

டோக்கியோ ஷின்ஜுகு நிலையத்திலிருந்து கேயோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோசான்குச்சி நிலையம் வந்துவிடும். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் கேபிள் காரின் கீழ் நிலையமான கியோதாகி. 1927-இல் ஓடத் தொடங்கிய வண்டி இது. சுமார் ஒரு கிலோமீட்டர் பாதையில் 271 மீட்டர் உயரம் ஏறுகிறது, ஆறே நிமிடத்தில். மேல் நிலையத்தை நெருங்கும்போது சரிவு 31 டிகிரியைத் தாண்டும். ஜப்பான் ரயில் பாதைகளிலேயே இதுதான் செங்குத்து. அதனால் பள்ளத்தாக்குப் பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். கடைசி நிமிடத்தில் தண்டவாளம் காலுக்குக் கீழே சரிந்து விழுவது போலத் தெரியும்.

எனக்குப் பிடித்தது பாதி வழியில் நடப்பது. ஒரே வடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள். ஒன்று இறங்கும் எடை மற்றதை ஏற்ற உதவும், கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டிய மாதிரி. ஒன்றின் பெயர் அவோபா, பச்சை இலை. மற்றது மோமிஜி, மேப்பிள். நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரியும், அங்கே வண்டிகள் விலகிக்கொள்கின்றன. அந்த இடத்தில் நகரும் தடமாற்றி எதுவும் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தை இருபுறமும் கவ்வும், மறுபக்கச் சக்கரம் வெறும் உருளை. கவ்விய பக்கம் போகும் வழிக்கே வண்டி போகும். அம்மாவிடம் இதை விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் மேல் நிலையம் வந்துவிட்டது.

லிஃப்ட் 1964-இல் வந்தது. இருவர் அமரும் நாற்காலி, சுமார் 12 நிமிடம். இறங்கும்போது ஊர் முழுக்க முகத்துக்கு எதிரே விரியும். ஏறும்போது அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் தடுப்புக் கம்பி கிடையாது. நாற்காலியும் நிற்காது, பின்னாலிருந்து வந்து முழங்காலில் தட்டும்போது உட்கார்ந்துவிட வேண்டும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சரியாக உட்கார்ந்துவிட்டாள். கீழே விரித்திருந்த வலையைப் பார்த்ததும், "வலை கட்டியிருக்கான்னா விழறவங்க இருக்காங்கன்னுதானேடா அர்த்தம்?" என்றாள். பிறகு பாதி வழி என் கையை விடவில்லை. உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி அதிகமென்றால் இறங்கவும் கேபிள் காரே போதும்.

லிஃப்ட் மாலை நாலு, நாலரைக்கெல்லாம் நின்றுவிடும். டிசம்பர் கடைசியில் ஃபூஜி உச்சியில் சூரியன் இறங்குவதைப் பார்க்க ஒருமுறை தனியாகப் போய், இருட்டியபின் லிஃப்ட் வாசலில் நின்று அசடு வழிந்திருக்கிறேன். அப்புறம் கேபிள் கார் வரிசையில் நல்ல குளிர். நவம்பரில் இலை சிவக்கும் வார இறுதிகளில் போகவே போகாதீர்கள்.

வண்டி உச்சிவரை போகாது. 599 மீட்டர் சிகரத்துக்கு இன்னும் முக்கால் மணி நடை. வழியில் பாதை பிரியும்: 'ஆண் சரிவு' 108 படிகள், 'பெண் சரிவு' படியில்லாத மெதுவான ஏற்றம். அம்மாவோடு இரண்டாவதில் போங்கள். இரண்டும் யகுவோஇன் கோயிலுக்குத்தான் போகின்றன. கோயிலுக்குள் மறுபடி படிகள் உண்டு.

கீழே வந்ததும் எல்லோரும் சேப்பங்கிழங்குபோல் வழவழக்கும் கிழங்கை அரைத்து ஊற்றிய சோபா நூடுல்ஸ் சாப்பிடச் சொல்வார்கள். அம்மா சைவமென்றால் கவனம், அந்தச் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும்.