சாலையில் ஒரே நாளில் 150 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர், காடும் மேட்டுவெளியுமாகப் போகும் மூன்று நாள் கிராவல் (ஜல்லி, மண் பாதை) சைக்கிள் பந்தயத்தை முடிக்க முடியுமா?

முடியும். நானே ஒன்றை முடித்திருக்கிறேன். பட்டியலைக் கீழிருந்து படித்தால் என் பெயர் சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான். என்னைப் படுத்தியது தூரம் இல்லை, சாயங்காலங்கள்.

முதலில் அது எந்த வகைப் பந்தயம் என்று பாருங்கள். சிலவற்றில் தூங்கினாலும் கடிகாரம் ஓடும். சிலவற்றில் ஒவ்வொரு நாளும் தனிக்கட்டம், கடைசியில் நேரங்களைக் கூட்டுவார்கள். நான் ஓட்டியது இரண்டாவது வகை. முதல் பந்தயத்துக்கு அதுவே போதும்.

காட்டுப் பாதை என்றதும் ஒற்றையடிப் பாதையை நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் கீல்டர், ஸ்காட்லாந்தின் காலவே போன்ற காடுகளில் பெரும்பாலானவை மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட ஜல்லிப் பாதைகள். சக்கரம் ஓடிய இரண்டு தடமும் இறுகியிருக்கும். நடுவிலும் வளைவின் வெளி ஓரத்திலும் உதிரி ஜல்லி குவிந்து கிடக்கும். இறக்கத்தில் முன்சக்கரம் அந்தக் குவியலில் ஏறிவிட்டால் முன் பிரேக்கை அழுத்தவே அழுத்தாதீர்கள். கைப்பிடியை இறுக்காமல், போக வேண்டிய தடத்தையே பாருங்கள். சைக்கிள் கொஞ்சம் ஆடிவிட்டுத் தானே நேராகும்.

மரங்கள் முடிந்து மேட்டுவெளி தொடங்கும் இடத்தில் காற்று கன்னத்தில் அறையும். ஹெதர் புதர் தவிர ஒதுங்க ஒன்றும் இல்லை. கீழே பீட் மண்: செடிகள் முழுசாக மட்காமல் நீரில் ஊறி, ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கறுப்புச் சேறு. பார்த்தால் தரைபோல இருக்கும், ஏறினால் சக்கரம் பாதி உள்ளே போய்விடும். இறங்கித் தள்ளினேன். விரல் மரத்துப்போய்த் தின்பண்டப் பொட்டலத்தைப் பல்லால்தான் கிழிக்க முடிந்தது.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். முதல் நாள் நனைந்து வந்தேன், சாப்பிட்டேன், கதை பேசினேன், தூங்கிவிட்டேன். மறுநாள் முதல் இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடியைத் தொடுகிறது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வேறு. ஈரமும் கல்தூளும் சேர்ந்து ரெசின் பேடை, அதாவது பிரேக்கில் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிசின் கலவைத் துண்டை, ஒரே நாளில் தின்றிருந்தன. மாற்றுப் பேட் முகாமில், பைக்குள் பத்திரமாக! முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பாதி இறக்கத்தை நடந்தே இறங்கினேன். அன்று போன நேரத்தை மூன்றாம் நாள் மீட்க முடியவில்லை. மழை, சேறு என்றால் உலோகக் கலவைப் பேட் போடுங்கள். சத்தம் போடும், ஆனால் தாங்கும்.

அன்று இரவிலிருந்து ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். வந்ததும் முதலில் ஈர ஷார்ட்ஸைக் கழற்றுவது, உட்காரும் இடத்தில் புண் வந்தால் எந்தத் தொடை பலமும் உதவாது. பிறகு சாப்பாடு. உடம்பு எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் தோராயமாக 400–500 கிராம்தான். காலியானால் நிரம்ப ஒரு நாள் ஆகும், அதற்குள் அடுத்த கட்டம் தொடங்கிவிடும். அதனால் ஓட்டும்போதே மணிக்கு 60–90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள், இல்லாவிட்டால் வாந்திதான். அப்புறம் செயினைக் கழுவி எண்ணெய், பேடில் ஒரு பார்வை, தூக்கம்.

டயர் பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். 40–45 மில்லிமீட்டர், டியூப்லெஸ், சாலையைவிடக் குறைந்த காற்று. போதும்.

150 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். சனிக்கிழமை மண்பாதையில் 80, ஞாயிறு காலை அதே உடம்போடு இன்னொரு 80 ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு சீட்டில் உட்காரும் முதல் பத்து நிமிஷத்திலேயே உங்கள் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். மாற்றுப் பேடை மட்டும் முதுகுப் பாக்கெட்டில் வையுங்கள்.