தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

கேள்வி: ஓய்வு பெறும் எங்கள் மேலாளருக்கு ஒரு நல்ல ஒயின் வாங்கும் பொறுப்பை அலுவலகத்தில் என்னிடம் விட்டிருக்கிறார்கள். அவர் சைவம். எனக்கோ ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டருகே ஒரு சிறிய ஒயின் கடை இருக்கிறது. மாலையில் சுவைத்துப் பார்க்கலாம், வகுப்பும் உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். போகத் தயக்கமாக இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டே போதுமா? – வாசகர், லண்டன்

பதில்: தாராளமாகப் போங்கள். அத்தகைய கடைகளில் சரக்கைக் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரே பெரும்பாலும் கல்லாவிலும் நிற்பார். "இருபது பவுனுக்குள், சிவப்பு ஒயின், சைவம் சாப்பிடுபவருக்கு" என்று சொன்னால் போதும். தொகையைச் சொல்லக் கூச்சமே வேண்டாம். சொல்லாவிட்டால்தான் அவருக்குத் திண்டாட்டம்.

சைவம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். லேபிளை மட்டும் பார்த்து இதையெல்லாம் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

விலை விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. பிரிட்டனில் ஒயின் மீதான தீர்வை ஆல்கஹால் அளவைப் பொறுத்தது, விலையைப் பொறுத்தது அல்ல. வழக்கமான 75 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு அது இரண்டரை பவுனைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் 20 சதவீத வாட் வரி. 6 பவுன் பாட்டிலில் வாட் மட்டும் 1 பவுன். தீர்வையும் போக இரண்டரை பவுன்கூட மிஞ்சாது. கண்ணாடி, தக்கை, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், திராட்சை எல்லாம் அதற்குள்தான். 12 பவுன் பாட்டிலில் மிஞ்சுவது சுமார் 7 பவுன். விலை இரண்டு மடங்கானால் மிச்சம் ஏறக்குறைய மூன்று மடங்கு! பரிசு என்றால் அந்த ஆறு பவுன் வரிசைப் பக்கமே போகாதீர்கள்.

சுவைக்கும் மாலைக்குக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஒரு வாய் அளவுதான் ஊற்றுவார்கள். துப்புவதற்கென்று மேசையில் பாத்திரம் இருக்கும்; துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, தேர்ந்தவர்கள் செய்வதும் அதுதான். காரை மட்டும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

வகுப்பு இந்தப் பரிசுக்குத் தேவையில்லை. ஆர்வம் வந்து சான்றிதழும் வேண்டுமென்றால், லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் முதல் நிலையைப் படிக்கலாம். பாடம் ஒரே நாளில் முடிந்துவிடும், தேர்வில் 30 கேள்விகள். கடை அந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கேள்வி: வாங்கிய ஒயின் பாட்டிலைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கிறது. கடையில் திருப்பி எடுப்பார்களா? – வாசகி, ஹாரோ

பதில்: எடுக்க வேண்டும். தக்கையிலிருந்து டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் ஒயினில் கலந்தால் வரும் வாடை அது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் பாழ். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மீதியைக் கொட்டிவிடாமல் தக்கையோடு மூடி, ரசீதுடன் எடுத்துச் செல்லுங்கள். வெறுமனே சுவை பிடிக்கவில்லை என்பதற்கு இந்த உரிமை கிடையாது.