‘தங்கச்சி’ என்று சொல்லித்தான் தொடுகிறார்

வணக்கம் மிஸ்,

எனக்கு 25 வயது. தம்பலகாமத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்கு வந்து, ஒரு தனியார் கந்தோரின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. தம்பி ஏ.எல். படிக்கிறான். வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

எங்கள் முகாமையாளருக்கு 45 வயது இருக்கும். நான் சேர்ந்த அன்றைக்கே, “சேர் எண்டு கூப்பிட வேண்டாம், அண்ணா எண்டு சொல்லுங்கோ, நீங்கள் என்ர தங்கச்சி மாதிரி” என்றார். நல்ல மனிதர் என்று அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு மூன்று மாதம் போக, கணினியில் பில் பார்க்கிற சாட்டில் என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்கினார். முதலில் கை கதிரையில் இருந்தது. பிறகு தோளில். போன மாதம் அவருடைய பெருவிரல் என் கழுத்தில் பட்டது, எடுக்கவில்லை. “இந்தத் தொகையை ஒருக்கா சரி பாருங்கோ தங்கச்சி” என்றார், குரல் மட்டும் எப்போதும் போல. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு சொல் வரவில்லை.

இரவு பத்தரைக்கு “சாப்பிட்டாச்சா?” என்று வட்ஸ்அப்பில் கேட்பார். பிறகு, அன்றைக்கு நான் உடுத்த சேலையைப் பற்றி ஏதாவது. விடிந்து பார்த்தால் அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருக்கும். அவசர வேலையைப் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் தருவார். பஸ் போய்விட்டால் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்வார். ஒருநாளும் நான் ஏறவில்லை.

எங்கள் பிரிவில் இருக்கிற அக்காவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “அவர் எல்லாரோடயும் அப்பிடித்தான், மனசில ஒண்டும் இல்லை” என்றார். இப்போது கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். முந்தானைக்கு ஒரு பின் குத்துகிற இடத்தில் இரண்டு குத்துகிறேன். அம்மாவிடம் சொன்னால் அடுத்த நாளே வேலையை விடச் சொல்வார்; பிறகு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார். அண்ணா மாதிரிப் பழகுகிறவரை நான்தான் தப்பாக நினைக்கிறேனா மிஸ்?

– பெயர் வேண்டாம், திருகோணமலை

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘மகள்’ என்று தொடங்கத்தான் எனக்கும் கை வந்தது. நிறுத்திக்கொண்டேன். உறவுமுறைச் சொல் எதுவும் இப்போது உங்களுக்குப் பாரமாக இருக்கும்.

நீங்கள் தப்பாக நினைக்கவில்லை. கடையிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவரைக்கூட அண்ணா, தங்கச்சி என்றுதான் நாங்கள் கூப்பிடுகிறோம். அது நல்ல பழக்கம். ஆனால் தங்கச்சி என்று கூப்பிட்டவருக்கு ஒரு பொறுப்பு வருகிறது. அண்ணனாக நினைப்பவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, வெளிக்கிடுங்கோ என்பார். ஐந்து மணிக்கு வேலை தந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, காரைக் காட்ட மாட்டார். இதே அறையில் முதலாளி நின்றால், உங்கள் அம்மா நின்றால், அந்தக் கை உங்கள் கழுத்தில் இருக்குமா? மனதில் ஒன்றும் இல்லாதவர் விடிய எழும்பி எதை அழிக்கிறார்? தான் செய்வது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சொல் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பயம் திடீரென்று வரும்போது உடம்பு ஓடும், அல்லது எதிர்க்கும், அல்லது அப்படியே உறைந்துபோகும். இந்த மூன்றில் எது என்று நாங்கள் யோசித்துத் தெரிவு செய்வதில்லை. நீங்கள் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. அதோடு, மனம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோதே உங்கள் கைகள் கதிரையை நகர்த்தின, இரண்டாவது பின்னைக் குத்தின. அவற்றை நம்புங்கள்.

இனி ஒரு கொப்பி எடுங்கள். கந்தோர் லாச்சியில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். திகதி, நேரம், என்ன செய்தார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். கழுத்தில் கை பட்ட நாளிலிருந்தே தொடங்கலாம். இரவுச் செய்தி வந்தவுடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் போட வேண்டாம். வேலை விஷயம் என்றால் மறுநாள் கந்தோரில் பேசலாம்.

அடுத்த முறை பின்னால் வந்தால், கதிரையை விட்டு எழும்பி நில்லுங்கள். “சேர், தள்ளி நிண்டு சொல்லுங்கோ.” இவ்வளவு போதும். ‘அண்ணா’வை விட்டுவிட்டு ‘சேர்’ என்றே கூப்பிடுங்கள். இந்த வசனத்தை வீட்டில் வாய்விட்டு நாலைந்து தரம் சொல்லிப் பழகுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. வாய்க்குப் பழகியது பயத்திலும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் தனியாக இருக்கும்போது பயமாக இருந்தால் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

அதற்குப் பிறகு அவர் உங்கள் கணக்கில் பிழை பிடிக்கத் தொடங்கலாம். அதையும் கொப்பியில் எழுதுங்கள். நியமனக் கடிதத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

நிற்காவிட்டால், அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். நம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்ட பிறகு, பாலியல் தொந்தரவைக் குற்றமாகச் சொல்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் விருப்பமில்லாதவரிடம் சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாக நடந்துகொள்வதும் அதில் அடங்கும். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கந்தோரில் கேட்பார் இல்லையென்றால், பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்குப் போகலாம். நேரே பொலிசுக்குப் போக மனம் வராவிட்டால், உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கண்டு கதையுங்கள், அல்லது 1938க்கு அழையுங்கள். அது மகளிருக்கான உதவி இலக்கம்.

அந்த அக்கா சொன்னதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ‘எல்லாரோடயும்’ என்றால் அவரோடும்தானே? கந்தோருக்கு வெளியே, பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் ஒரு நாள், “உங்களுக்கும் அப்பிடி நடந்ததா அக்கா?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால் முறைப்பாட்டுக் கடிதத்தில் இரண்டு கையொப்பம் இருக்கும்.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் அழுதுகொண்டு தொடங்காமல், “வேலையை விடமாட்டேன், நீங்கள் எனக்குத் துணையா நிக்க வேணும்” என்பதை முதலில் சொல்லுங்கள். நடந்ததை அதன் பிறகு சொல்லுங்கள். கொப்பியையும் காட்டுங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.