அப்பாவின் நோட்டுகளை எடைக்குப் போடலாமா?

வணக்கம் அண்ணா. அப்பா தவறிப் பத்து மாதம் ஆகிறது. இயற்பியல் படித்து, அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராக ஆராய்ச்சிக்கூடங்களிலேயே காலம் கழித்தவர். மஞ்சக்குப்பம் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டு, சர்க்யூட் படங்கள், கிராஃப் தாள், ஃபிளாப்பி. அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போடலாம் என்கிறார் என் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

வி., கடலூர்

அன்புள்ள வி.,

போடாதீர்கள். அச்சான கட்டுரை ஏதாவது ஒரு நூலகத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். நோட்டு உலகத்திலேயே ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய பக்கத்தையே பாருங்கள், ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டில் ஒரு மின்தடையின் அளவை 3.3 கிலோ ஓம் என்று பேனாவில் எழுதியதைப் பென்சிலால் அடித்து 4.7 என்று போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘டிரான்சிஸ்டர் சூடாகிறது’ என்று தேதியோடு குறித்திருக்கிறார். கட்டுரையில் 4.7 மட்டும்தான் வந்திருக்கும். 3.3 ஏன் சரிப்படவில்லை என்பதற்கு இந்த ஒரு தாளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

விஞ்ஞானி சி.வி. ராமனோடு கல்கத்தாவில் வேலை செய்தவர் நம் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரியில் அவர் எழுதிய நாட்குறிப்பு இருப்பதால்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நாட்களில் என்னென்ன நடந்தது என்று நம்மால் பேச முடிகிறது. எழுதும்போது அது அவருக்கு வெறும் அன்றாடக் குறிப்புதான்.

நான் இதில் ஒருமுறை தோற்றவன். 2011 டிசம்பர் 30, தானே புயல், பாண்டி முத்தியால்பேட்டையில் எங்கள் கூரை போய்ப் பெரியப்பாவின் கணக்கு நோட்டுகள் நனைந்துவிட்டன. பதறிப்போய் மொட்டைமாடி வெயிலில் பரப்பினோம். தாள்கள் முறுக்கிக்கொண்டன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பேனா மை ஏற்கனவே கரைந்து ஓடியிருந்தது, பென்சிலில் எழுதியது மட்டும் அப்படியே நின்றது. நிழலில் ஃபேன் காற்றில், இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்தியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

உங்கள் ஊரும் கடலோரம், ஈரக்காற்று. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி, வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றுங்கள், துருவும் ரப்பர் பிசினும் தாளைத் தின்றுவிடும். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அடுக்கை மாற்றாதீர்கள்: எந்தத் தாளுக்குள் எந்தத் தாளைச் செருகி வைத்தார் என்பதும் அவர் சொன்ன சேதிதான். பெட்டியைத் திறந்ததும் முதலில் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

ஸ்கேன் கலரிலேயே, குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் மங்கலான பென்சில் கோடு காணாமல் போய்விடும். பளபளப்பான, சூட்டில் அச்சாகும் தெர்மல் தாளில் எடுத்த பிரின்ட் இருந்தால் அதுதான் முதலில், அது தானாகவே வெளுத்துவிடும். ஃபிளாப்பியில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டாம், தட்டோடு டிரைவும் கெட்டுவிடும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் இந்த மாதமே நோட்டோடு போய் உட்காருங்கள். அவர் பாதி வார்த்தையில் விட்டுவைத்த சுருக்கெழுத்துகளை அவர்களால்தான் படிக்க முடியும். உங்கள் அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள். கேமரா ஸ்டாண்டு என்னிடம் இருக்கிறது, எந்த ஞாயிற்றுக்கிழமை வசதி என்று சொன்னால் பாண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.