நட்சத்திரக் குறியும் கட்டப்புதிரின் கடினமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் பாளையங்கோட்டையில் தங்கி வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். பயிற்சியாக இருக்கட்டும் என்று, யார், எந்த ஊருக்கு, எந்தக் கிழமையில் போனார் என்பது போலக் குறிப்புகளைக் கொண்டு கட்டத்தில் பொருத்திக் கண்டுபிடிக்கும் தர்க்கக் கட்டப்புதிர்களை நாளிதழிலிருந்து நான் வெட்டி எடுத்து வைப்பேன். அவள் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து போடுவோம். இரண்டு நட்சத்திரம் போட்ட சிறிய புதிர் ஒன்று எங்களை ஒரு மாலை முழுவதும் திணறடித்தது. ஐந்து நட்சத்திரம் போட்ட பெரிய புதிரோ சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. இந்தக் குறியை எதை வைத்துப் போடுகிறார்கள்? கட்டம் எவ்வளவு பெரியது, குறிப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதாதா?

ஒரு வாசகி, வீரவநல்லூர்

*

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

போதாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த நாளிதழில் அப்படி எண்ணித்தான் நட்சத்திரம் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

கட்டத்தின் அளவிலிருந்து தெரிவது வாய்ப்புகளின் எண்ணிக்கை மட்டுமே. ஆள், ஊர், கிழமை என்று மூன்று வகையும், வகைக்கு நான்கும் இருந்தால் 576 அமைப்புகள் உண்டு. நான்கு வகையும், வகைக்கு ஐந்தும் என்றால் அது 17,28,000 ஆகிவிடும். ஆனால் ஐந்து பேர் புதிரில், இன்னார் இந்த ஊருக்குப் போனார் என்று நேராகச் சொல்லும் ஒரே குறிப்பு வாய்ப்புகளை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். போகவில்லை என்று மட்டும் சொல்லும் குறிப்போ ஐந்தில் நான்கு பங்கை அப்படியே விட்டுவைக்கும். நேர்க் குறிப்புகள் நிறைந்த பெரிய புதிர் மளமளவென்று முடிந்துவிடுவது இதனால்தான். நீங்கள் சாப்பாட்டுக்கு முன்பே முடித்தது அத்தகைய ஒன்றாக இருந்திருக்கும்.

ஒரு புதிரின் கடினத்தை அதன் மிகக் குறுகலான இடத்தில்தான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே நகர முடியாமல் நிற்கும் அந்த இடத்தில், ‘இதுதான்’ என்று உறுதி செய்யும் அடுத்த டிக் விழுவதற்கு எத்தனை குறிப்புகளை ஒருசேர மனத்தில் வைத்திருக்க வேண்டும், அப்படி டிக் விழக்கூடிய கட்டங்கள் எத்தனை என்பவையே பார்க்க வேண்டியவை. உங்களுக்காகவே ஒரு சிறிய புதிரை அமைத்துப் பார்த்தேன். பெரியம்மை, சித்தி, அத்தை, மதினி ஆகிய நால்வரும் திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கொரு நாளாக, பத்தமடை, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஆகியவற்றில் ஆளுக்கோர் ஊருக்குப் போகிறார்கள். குறிப்புகள் நான்கே. மதினி போய்ச் சரியாக இரண்டு நாள் கழித்து ஒருவர் காருகுறிச்சிக்குப் போனார். அத்தை, வீரவநல்லூருக்குப் போனவர் ஆகிய இருவரில் ஒருவர் திங்களன்றும் மற்றவர் வியாழனன்றும் போனார்கள். சித்தி போன மறுநாளே பெரியம்மை போனார். கல்லிடைக்குறிச்சிக்குப் போனவர் சித்தி அல்லர்.

ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனியே படித்துக் கட்டத்தில் ஏற்றினால் ‘இது இல்லை’ என்று காட்டும் பெருக்கல் குறிகள் நிறைய விழும், ஒரு டிக் கூட விழாது. மதினிக்குத் திங்கள் அல்லது செவ்வாய், அத்தைக்குத் திங்கள் அல்லது வியாழன் என்ற அளவில் நின்றுவிடுவோம். இப்போது முதலிரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பிடியுங்கள். மதினி திங்களன்று போயிருந்தால் அத்தைக்குத் திங்கள் கிடையாது. ஆகவே அத்தைக்கு வியாழன், வீரவநல்லூருக்குத் திங்கள். மதினி செவ்வாயன்று போயிருந்தால் காருகுறிச்சிக்கு வியாழன் என்றாகிவிடும். வீரவநல்லூருக்குத் திங்கள்தான் மிஞ்சும், அத்தைக்கு இப்போதும் வியாழன்தான். எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றே என்பதால், மதினியின் கிழமை தெரியாமலேயே இரண்டு டிக் போட்டுவிடலாம். அதன் பிறகு மூன்றாம் குறிப்பு மற்ற மூவரின் கிழமைகளையும், நான்காவது மிச்சமுள்ள ஊர்களையும் சொல்லிவிடும். வாய்ப்புகள் 576 மட்டுமே உள்ள இந்தப் புதிருக்கு நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். உங்கள் மாலையை விழுங்கிய சிறிய புதிரிலும் இப்படி ஓரிடம் இருந்திருக்க வேண்டும்.

கடினம் போலத் தோன்றினாலும் நான் கணக்கில் சேர்க்காத ஒன்றும் உண்டு. திருநெல்வேலி–செங்கோட்டை ரயிலில் காருகுறிச்சிக்கு அடுத்த நிலையம் என்று குறிப்பு எழுதினால், அது உங்கள் ஊர் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். தருமபுரி வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். சரியாக முந்தைய நாளா, அதற்கும் முந்தைய ஏதோ ஒரு நாளாகவும் இருக்கலாமா என்று தெரியாதபடி எழுதப்படும் குறிப்பும் இதைப் போன்றதே. இவை புதிரின் குறைகள், இவற்றுக்கு நட்சத்திரம் கொடுக்கலாகாது.

அப்படியானால் யார் அளப்பது? அமைத்தவரால் முடியாது, விடை தெரிந்த கண்ணுக்குக் குறுகலான இடம் புலப்படாது. 576 அமைப்புகளையும் ஒரு நொடிக்குள் சோதித்து விடை ஒன்றே என்று கணினி உறுதி செய்துவிடும். ஆனால் அந்தச் சோதனையில் எளிய புதிரும் கடினமான புதிரும் அதற்கு ஒன்றுதான். புதிரை முன்பின் பாராத சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு டிக்கின் பக்கத்திலும் அதற்கு உதவிய குறிப்புகளின் எண்களை எழுதச் சொல்வதே எனக்குத் தெரிந்தவற்றுள் நம்பகமான வழி. எங்கே இரண்டு மூன்று எண்கள் சேர்ந்து நிற்கின்றனவோ அங்கே கடினம் இருக்கிறது. ஆன நேரத்தை மட்டும் கேட்டால், சிலர் கவனக்குறைவால் இழந்த நேரமும் அதில் கலந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஐன்ஸ்டீன் பெயரால் சுற்றும் ஐந்து வீட்டுப் புதிரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூற்றில் இரண்டு பேரால்தான் முடியும் என்ற வரிக்கும் ஆதாரம் இல்லை, அது ஐன்ஸ்டீன் எழுதியது என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதன் நன்கறியப்பட்ட பழைய வடிவம் 1962 டிசம்பர் 17 தேதியிட்ட லைஃப் இன்டர்நேஷனல் இதழில், 15 வாக்கியங்களோடு வந்தது. தொடக்கத்தில் சில கட்டங்கள் தாமே நிரம்பிவிடும். நடுவில் ஓரிடத்தில் இரு வழிகளையும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். போதாக்குறைக்கு, தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியில் வரும் தண்ணீரும் வரிக்குதிரையும் குறிப்புகளில் எங்குமே இல்லை. ஆகவே அது கடினமான புதிர்தான். ஆனால் பொறுமையுள்ள எவரும் போட்டுவிடக்கூடியது.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதியின் முப்பது, முப்பத்தைந்து வினாக்களுக்கு 20 நிமிடமே உண்டு. அங்கே நட்சத்திரமும் இராது, கட்டமும் வரைந்து தரப்படாது. ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் குறிப்புகளை ஒருமுறை படித்து, ஓர் ஆளையோ பொருளையோ நேராக ஓரிடத்தில் உட்கார வைக்கும் குறிப்பு எத்தனை என்று பார்க்கட்டும். ஒன்றுகூட இல்லாவிட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம். வீட்டில் போடும்போது மட்டும் அத்தகைய புதிர்களையே தேடி எடுத்து, ஓரத்தில் குறிப்பு எண்களை எழுதிப் போடட்டும். அந்தத் தாள்களை எனக்கு அனுப்பினால் என் அளவோடு ஒத்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.