காணிக்கைத் தகரங்கள்: கேள்வியும் பதிலும்

வேண்டுதல் பலித்ததும் மெக்சிகோ மக்கள் தகரத்தில் படம் வரைவித்துத் தேவாலயச் சுவரில் மாட்டுவார்கள். அந்த நன்றி ஓவியங்களைப் பற்றி இன்று கேட்கலாம். பழைய தகரம் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று: எதைக் கொண்டும் அதைத் துடைக்காதீர்கள்.

கே: ஏன் தகரம்?

18ஆம் நூற்றாண்டில் இது வசதி படைத்தவர்களின் வழக்கம். துணியில் எண்ணெய் வண்ணம், தேர்ந்த ஓவியர். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைத்ததும் சுரங்கத் தொழிலாளியும் மாட்டுக்காரரும் ஊர் ஓவியரைத் தேடிப் போனார்கள். நடந்ததைச் சொன்னால் அவர் வரைந்து கொடுப்பார். மேல் மூலையில் மேகம் சூழப் புனிதர். நடுவில் குதிரை உதறிக் கீழே தள்ளிய ஆளோ, கட்டிலில் கிடக்கும் நோயாளியோ. அடியில் சில வரிகள்: யாருக்கு, எந்த ஊரில், எந்த நாளில், என்ன ஆபத்து, காத்தது யார். பார்ப்பவர்கள் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் அந்த வரிகளைத்தான் முதலில் படிப்பேன். எழுத்துப் பிழை மலிந்திருக்கும். ஆனாலும் பெயரும் ஊரும் பெரும்பாலும் விட்டுப்போகாது. நாலு பேர் அறியச் சொன்னால்தான் அது நன்றி.

கே: வரைந்தவர்கள் யார்?

பெரும்பாலும் பெயர் தெரியாது. தெரிந்தவர்களில் முக்கியமானவர் குவானஹுவாத்தோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மெனெகில்தோ புஸ்தோஸ் (1832–1907).

கே: நம் கோயில்களில் செலுத்தும் கண்மலர் போலவா?

அதற்கு இணை மிலாக்ரோ: கை, கால், கண் வடிவச் சிறு உலோகத் துண்டுகள். ஓவியம் அதனினும் வேறு; அதில் கதை இருக்கிறது.

கே: என் தகரத்தில் துரு. எலுமிச்சை தேய்க்கலாமா?

கூடாது. துருவோடு வண்ணமும் எழுத்தும் போய்விடும்.

கே: மல்யுத்த வீரர், பறக்கும் தட்டு எல்லாம் வரைந்தவை விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாமா?

பிடித்திருந்தால் வாங்குங்கள், காணிக்கை என்று நம்பி வாங்காதீர்கள். சந்தைக்கென்றே வரையப்பட்டவை அவை. பழைய துருத்தகரத்தில் வரைந்து, பொய்த் தேதி போட்டு விற்பவர்களும் உண்டு. மெய்யாகவே பழையதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: தேவாலயச் சுவரிலிருந்து திருடியதாக இருக்கலாம். அப்படிக் கடத்தப்பட்ட ஏறத்தாழ 600 ஓவியங்களை 2019இல் இத்தாலி மெக்சிகோவுக்குத் திருப்பித் தந்தது.

கே: ஆல்ஃப்ரெதோ வில்ச்சிஸ் ரோக்கே இன்றும் மெக்சிகோ நகரில் வரைகிறார். அவரும் போலியா?

நான் அப்படிச் சொல்லவில்லை. தம் பெயரிலேயே வரைகிறார், எதையும் மறைக்கவில்லை. பொய்த் தேதியைத்தான் போலி என்றேன்.

கே: அப்படியானால் மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரீடா காலோ செய்தது?

எதிர்பார்த்தேன். 1925இல் அவர் சென்ற பஸ் டிராமில் மோதியது. உயிர் பிழைத்ததே அதிசயம். 1943 வாக்கில், அதே போன்ற விபத்தைக் காட்டும் யாரோ ஒருவரின் பழைய காணிக்கை ஓவியம் அவர் கைக்கு வந்தது. அடிபட்டுக் கிடக்கும் பெண்ணுக்குத் தம்முடைய கூட்டுப் புருவத்தை வரைந்தார். பஸ்ஸில் ‘கொயோவாகான்’ என்று தம் ஊர்ப் பெயரை எழுதினார். மகளைக் காத்ததற்காகப் பெற்றோர் வியாகுல அன்னை மரியாளுக்கு நன்றி சொல்வதாக அடியில் வரிகளைச் சேர்த்தார்.

கே: அடுத்தவர் நன்றியை அழித்துத் தம் கதையை எழுதினால் அது போலிதானே? அவர் கம்யூனிஸ்ட் வேறு.

ஒருவருடைய நம்பிக்கையை அளக்க என்னிடம் கருவி இல்லை. எங்கே மாட்டப்பட்டது என்று மட்டும் கேட்பேன். அது புனிதரின் சுவருக்குப் போகவில்லை. ஆகவே அது ஃப்ரீடாவின் ஓவியம், நல்ல ஓவியம். முதலில் நன்றி சொன்னவர் பெயர் மறைந்துபோனதில் எனக்கும் வருத்தம்தான்.

கே: ஃப்ரீடா சேகரித்த காணிக்கை ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

கொயோவாகானில் உள்ள அவருடைய நீல வீட்டில்.

கே: பழைய தகரத்தை மென்மையான ஈரத்துணியால் துடைத்தால்?

ஈரத்துணியும் துணிதான். வேண்டாம்.

கே: இந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்க எல்லை ஆற்றைக் கடந்ததற்கும், அங்கே குடியுரிமைத் தாள் கிடைத்ததற்கும் நன்றி சொல்லும் ஓவியங்கள் ஏராளம். சகதேகாஸ் மாநிலத்துப் பிளாதெரோஸில் சாந்தோ நீன்யோ தெ அதோச்சா என்ற குழந்தை இயேசுவின் திருத்தலத்துக்குப் போனால் தகரத்தோடு புகைப்படங்களும் குழந்தைக் காலணிகளும் சேர்ந்திருக்கும். இரவில் உதவி செய்ய அலைந்து அந்தக் குழந்தை இயேசுவின் செருப்புத் தேய்ந்துவிடுகிறதாம்.