பாத எரிச்சலுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை

வணக்கம் ஐயா. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை எடுத்தும் இரவில் போர்வை உரசினாலே பாதம் எரிகிறது, தலையில் காந்தச் சுருள் வைத்துச் செய்யும் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். உடல் அசைவை ஆளும் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்), பெரும்பாலும் நொடிக்கு 10 முறை, காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, வலியைத் தணிக்கும் மூளையின் சொந்த ஏற்பாட்டைத் தூண்டிவிடுவதே இதன் நோக்கம். பாதத்துக்கான பகுதி இரு அரைக்கோளங்களுக்கு நடுவே ஆழத்தில் இருப்பதால், விந்தையாகத் தோன்றினாலும், கைக்கான பகுதியையே மருத்துவர்கள் பலர் தூண்டுகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சுருள் டக்டக்கென்று ஒலிக்கும், தலைத்தோலில் யாரோ சுண்டுவதுபோல் இருக்கும். பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நாளடைவில் மங்கக்கூடும். மரத்துப்போன உணர்வை இது மீட்டுத் தராது. முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகக் கிளிப்போ காது கேட்க உதவும் காக்ளியர் கருவியோ இருந்தாலோ, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், நரம்பு வலிக்கான இன்னொரு மருந்தான டுலாக்ஸெட்டின் உங்களுக்குப் பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் விசாரித்த பிறகே இந்தக் காந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம்.